எடை இறங்கிவிட்டது, தொப்பை இறங்கவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 44. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். 86 கிலோ இருந்தேன். ஒன்றரை மாதமாகக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், இரவில் பழம் மட்டும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். 9 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் தொப்பை போகவில்லை. கையும் தொடையும் மெலிந்துவிட்டன; மாடிப்படி ஏறினால் கால் தளர்கிறது. சாப்பாட்டை இன்னும் குறைக்கலாமா?

பதில்: குறைக்காதீர்கள். இப்போதே தேவைக்கும் கீழேதான் சாப்பிடுகிறீர்கள்.

முதலில் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் தசை கரைந்து எடை இறங்கும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இன்னொன்று, கிளிமிபிரைடு சாப்பிட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை திடீரெனத் தாழும். உணவையோ உடற்பயிற்சியையோ மாற்றுமுன் உங்கள் மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேசிவிடுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், தசை போனதற்குக் காரணம் உங்கள் தட்டிலேயே தெரிகிறது. அதில் புரதம் மிகக் குறைவு. போதாக்குறைக்குத் தசைக்குப் பாரமான வேலையும் இல்லை. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தசையைத் தக்கவைக்க அது மட்டும் போதாது. எடை குறையும் காலத்தில், பயன்படுத்தாத தசையை உடல் தயங்காமல் எரித்துவிடும்.

கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால், 77 கிலோ இருக்கும் உங்களுக்கு ஒரு நாளைக்கு 90 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். காலையில் 2 முட்டை, 2 இட்லி, சாம்பார் என்றால் ஏறக்குறைய 20 கிராம். மதியம் ஒரு கப் சாதம், 150 கிராம் மீன், கெட்டிப் பருப்பு, தயிர் சேர்ந்தால் 40 கிராம் வரும். மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 கிராம். இரவில் 2 சப்பாத்தியோடு 100 கிராம் பனீர் சேர்த்தால் 24 கிராம். மீன், முட்டை சாப்பிடாதவர்களுக்கு 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 25 கிராம் கிடைக்கும். குறைக்க வேண்டியது எண்ணெயையும் நொறுக்குத்தீனியையும்தான்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும்.

பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. வாரத்தில் 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது தொடைக்கு. சமையல் மேடையில் கையூன்றிச் செய்யும் தண்டால் மார்புக்கும் தோளுக்கும். குனிந்து ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறுகையால் 5 லிட்டர் தண்ணீர் கேனை இடுப்புவரை இழுப்பது முதுகுக்கு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பின்தொடைக்கு. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 3 சுற்று. சுற்றுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் முடிய வேண்டும். 15 முறை சுலபமாக வருகிறதா, பாரத்தைக் கூட்டுங்கள். நாற்காலிப் பயிற்சிக்கு 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: மாதக்கணக்கில் அதே பாரத்தைத் தூக்கிவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

வயிற்றுக்கென்று தனியாக எத்தனை பயிற்சி செய்தாலும் அங்குள்ள கொழுப்பு மட்டும் கரையாது. மொத்தக் கொழுப்பும் குறையும்போதுதான் வயிறும் இறங்கும்.

எடை இயந்திரத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் வயிற்றுச் சுற்றளவை டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை அப்படியே நின்று இந்தச் சுற்றளவு குறைந்தால், சரியான வழியில்தான் போகிறீர்கள்.

புரதத்தைக் கூட்டுமுன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, ரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மேலே சொன்ன அளவு உங்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.