மகள் கோடு போட்ட வரிகள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ‘பேப்பர் டவுன்ஸ்’ என்ற ஆங்கில நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். வீட்டைவிட்டுப் போய்விடும் ஒரு பெண்ணின் கதையாம். அவள் டியூஷன் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். ஊரைவிட்டுக் கிளம்புவது பற்றிய வரிகளில் எல்லாம் பென்சில் கோடு. ‘பிளஸ் டூ முடிந்ததும் தனியாக எங்கேயாவது போய்வரணும்’ என்று வேறு சொல்கிறாள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி.

பதில்: வேண்டாம் சகோதரி. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஜான் கிரீன் எழுதி 2008-ல் வந்த நாவல் அது. வீட்டைவிட்டுப் போகும் மார்கோ அதில் இருக்கிறாள்தான். ஆனால் கதையைச் சொல்வது அவளைத் தேடிப் போகும் பக்கத்து வீட்டுப் பையன் க்வென்டின். அமெரிக்காவில் ஆர்லாண்டோ ஊர். இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருடம். மார்கோ விட்டுப்போன வால்ட் விட்மன் கவிதைப் புத்தகத்தில் சில வரிகளுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறாள். பையன் அந்த வரிகளையே வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறான். செத்துப்போகத்தான் போயிருக்கிறாள் என்று நடுங்கி, பாழடைந்த இடங்களில் தேடி அலைகிறான். கடைசியில் பார்த்தால், அவள் ஒரு பழைய கொட்டகையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தேடி வந்த பையனையும் அவன் நண்பர்களையும் கண்டதும் அவளுக்கு வருவது எரிச்சல்!

உங்கள் கடிதத்தில் பென்சில் கோடு என்று படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

அந்தக் கொட்டகை இருக்கும் இடம் அக்லோ. நியூயார்க் மாநிலத்தில் உள்ளது என்று சொல்ல வேண்டும், ஆனால் அப்படி ஓர் ஊரே கிடையாது. 1930-களில் வரைபடம் தயாரித்த இருவர், தங்கள் வேலையை யாராவது காப்பியடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க, இரண்டு பேருடைய பெயரின் முதலெழுத்துகளையும் கலைத்துப்போட்டு ஓர் ஊரை இட்டுக்கட்டினார்கள். இது நிஜத்தில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்த யாரோ அங்கே போய் ‘அக்லோ ஜெனரல் ஸ்டோர்’ என்று ஒரு கடையையே கட்டிவிட்டார்கள். காகிதத்தில் இருந்தது நிஜமாகிவிட்டது. உங்கள் மகள் இந்த இடத்தில் கோடு போடாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

க்வென்டினும் நண்பர்களும் பட்டமளிப்பு விழாவைத் தவறவிட்டு, ஒரு மினிவேனில் ஏறக்குறைய ஒரே நாளில் சுமார் 1,900 கிலோமீட்டர் ஓட்டிப் போகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து மும்பையைத் தாண்டிப் போகிற தூரம். கதையில் கலகலப்பான பகுதி அதுதான். பையன்கள் பேச்சு சில இடங்களில் கொஞ்சம் பச்சையாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூட வாசலில் கேட்காததாக எதுவும் இல்லை.

எனக்கு அந்த நாவலில் ஆறவே ஆறாதது வேறொன்று. மார்கோ இதற்கு முன்பும் சில தடவை கிளம்பிப் போனவள். சலித்துப்போன பெற்றோர் இந்தத் தடவை வீட்டுப் பூட்டையே மாற்றிவிடுகிறார்கள். பிடுங்கலாமா என்று நீங்கள் கேட்டபோது அந்தப் பூட்டுதான் என் கண்ணில் வந்து நின்றது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லை என்றால் நீங்கள் சிரமப்பட்டுப் படிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். ‘அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் கதை, சொல்லேன்’ என்று கேளுங்கள். முதல் நாள் ‘ஒண்ணுமில்லம்மா’ என்பாள். இரண்டு நாள் விட்டுக் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்துவிட்டால் நடுவில் புகுந்து ‘இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படுமா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கதை அத்தோடு நின்றுபோகும். எடுத்துப் பார்த்ததையும் அப்புறம் ஒரு நாள் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பரவாயில்லை.

தனியாகப் போய்வருகிற ஆசைக்கு இந்த லீவிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். நீங்களும் அவளுமாகத் திருச்செந்தூர் போய் பஸ் மாறி மணப்பாடு. எந்த பஸ் என்று விசாரிப்பது, டிக்கெட் எடுப்பது, எங்கே சாப்பிடுவது, எப்போது திரும்புவது எல்லாம் அவள் பொறுப்பு. பணத்தையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டால்கூட வாயைத் திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள்.