பட்டறை பதில்கள்: பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவைப் பற்றித்தான். மழை முடிந்ததும் எல்லோரும் ஒரே நாளில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. மைலேஜ் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

"அண்ணே, 1986 மாடல் பிரீமியர் பத்மினி, மாமா விட்டுப்போனது. வீடு ராயபுரத்தில், கடலுக்கு நாலு தெரு தள்ளி. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இப்போது டிரைவர் சீட்டுக்கு முன்னால் மிதித்தால் தரைத் தகடு அமுங்குகிறது, கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. டிங்கர் ஒருவர், மேலே தகடு வைத்து ரிவிட் அடித்துத் தார் பூசினால் போதும் என்கிறார். மச்சான் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?"
*ராயபுரம் வாசகர்*

மச்சான் பேச்சைக் கேளுங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது.

துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகடு வைத்து ரிவிட் அடித்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைகிற சந்து இருக்கும். ஈரம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், தார் அதை வெளியே வரவிடாது. மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், இரண்டு மழைக்காலம் கழித்துப் பழைய ஓட்டையோடு புதுத் தகட்டிலும் ஓட்டை. நான் முதன்முதலில் வாங்கிய பத்மினி இப்படித்தான், ஒரு பட்டறையில் புது பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பார்த்தால் கதவுக்குக் கீழே எங்குமே ஒட்டவில்லை. உளியால் தட்டினேன், அதிரசம் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பப் பூசும் பசை, பெயர்ந்து விழுந்தது, அதற்குள்ளே நெய் டின் தகடு, அதற்கும் உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள். கிரிக்கெட் ஸ்கோர்கூடப் படிக்க முடிந்தது. அதனால் பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கும்.

பத்மினிக்கு லாரி மாதிரி தனியாகக் கனமான அடிச்சட்டம் கிடையாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற அந்தப் பெட்டியும் (நம் ஊரில் ரன்னிங் போர்டு என்கிறோம்) சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அந்தப் பெட்டி உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெள்ளத் தண்ணீர் வடிந்தாலும் சேறும் உப்பும் உள்ளே தங்கிவிடும், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடலுக்கு நாலு தெரு என்றால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு, அதில்தான் வண்டியைக் கழுவுகிறோம். கடைசி இரண்டு வாளியாவது மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். கொப்பளம் என்பது துரு தகட்டைத் தின்றுவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும் கட்டம். கையளவு கொப்பளம் தெரிந்தால் உள்ளே முழங்கை அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை வெட்டுவது அல்ல, எல்லை தெரிந்துகொள்வது. சீட், கார்ப்பெட், அடியில் ஒட்டியிருக்கும் தார் ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு டங்கென்று சொல்லும், செத்த தகடு டப்பென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள், போனால் போகட்டும், எப்படியும் வெட்டப்போகிறதுதானே. அப்படியே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். வெள்ளத்தின் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மண் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் தகடு மாற்றினால் மூன்று வருஷத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

ரன்னிங் போர்டை வெட்டுவதற்கு முன் கதவை மூடி, சுற்றியுள்ள இடைவெளியை அளந்து சாக்பீஸால் வண்டியிலேயே எழுதி வையுங்கள். கதவு நிலையின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஒரு ஆங்கிளையோ சதுரப் பைப்பையோ தற்காலிகமாக வெல்டிங் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியை எடுத்த நொடியில் நடு உடம்பு லேசாகத் தொங்கும், அந்தத் தொங்கலோடு புதுத் தகட்டை வைத்துவிட்டால் பிறகு கதவு ஜென்மத்துக்கும் மூடாது. ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பளபளக்கும் நல்ல தகடு தெரிகிற வரை கிரைண்டரில் தேய்த்து, அதற்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள், கூர் மூலையில் தகடு சீக்கிரம் நெளியும், பிறகு விரிசலும் அங்கேதான் தொடங்கும். அளவுக்கு அட்டை வேண்டுமே என்று தேட வேண்டாம், வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல அட்டை கிடையாது. பத்திரிகையை ஓட்டையில் வைத்து விளிம்பை விரலால் அழுத்தினால் கோடு விழும், அதைத் தகட்டில் வரைந்து கத்தரியால் வெட்டுங்கள். தகடு சி.ஆர். தகடாக (கோல்ட் ரோல்டு, சூடாக்காமல் உருட்டிய மெல்லிய எஃகுத் தகடு) இருக்கட்டும். உடம்புக்கு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. அளவு, தரைக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. அளவு. மண்ணடிப் பக்கத்து இரும்புக் கடைகளில் துண்டாக வெட்டித் தருவார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பழைய தகட்டின் நல்ல பாகத்தை அளந்துவிட்டு வாங்கப் போங்கள்.

இனி வெல்டிங். நான் சொல்வது மிக் வெல்டிங், துப்பாக்கியின் டிரிகரை அழுத்தினால் வயரும் அதைக் காக்கும் கேஸும் சேர்ந்து வரும். புதுத் தகட்டை ஓட்டைக்குள் வைத்தால் சுற்றிலும் வெல்டிங் வயர் கனத்துக்கு ஒரு சந்து தெரிய வேண்டும். காந்தம் வைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு டாக், நேர் எதிர்ப்பக்கம் ஒரு டாக், பிறகு மற்ற இரண்டு பக்கமும். டாக் என்றால் ஒரு பொட்டு வெல்டிங், டிரிகரை ஒரு விநாடி, அவ்வளவுதான். இரண்டு விரல் இடைவெளியில் சுற்றிலும் போட்டுவிட்டு, அப்புறம் நடு நடுவே நிரப்ப வேண்டும், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, எப்போதும் தூரமாகத் தாவித் தாவி. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள், ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு போட்டுவிட்டால் தகடு அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பிவிடும், அதை எந்த டாலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) சுத்தியும் பழையபடி ஆக்காது. ஓட்டை விழுந்தால் பின்னால் ஒரு செம்புத் துண்டை வைத்து நிரப்புங்கள், செம்பில் வெல்டிங் ஒட்டாது. கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங், அதாவது புள்ளி புள்ளியாக வெல்டிங், வைத்திருந்த மடிப்புகளில், மேல் தகட்டில் துளை போட்டு, அந்தத் துளையை நிரப்புங்கள். பழைய ஸ்பாட் எங்கெங்கே இருந்ததோ அதே எண்ணிக்கை, ஒன்றும் குறையாமல்.

ராயபுரத்துக்காகவே ஒரு விஷயம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் மிக் துப்பாக்கியிலிருந்து வரும் கேஸை அது அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டிங் இட்லி மாதிரி துளைத் துளையாக வரும். மெஷின் சரியில்லை என்று செட்டிங்கைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். காலையில் வேலை பாருங்கள், இல்லை தார்ப்பாய் கட்டுங்கள். இன்னொன்று, தேய்த்துப் பளபளப்பாக்கிய தகட்டை ராத்திரி அப்படியே விட்டால் விடியும்போது அதன் மேல் மஞ்சள் பூத்திருக்கும், சில நாள் நான் அதைப் பார்த்துவிட்டுச் சோறுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றன்றைக்கு வெட்டியது அன்றன்றைக்கே எபாக்சி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தைத் தடுக்காது. கடைசியில் மடிப்புகளுக்கு சீலர், பெட்டிக்குள்ளே மெழுகு ஸ்ப்ரே. வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இரண்டு பக்கமும் கழற்று, பெட்ரோல் டேங்கை வண்டியை விட்டே வெளியே எடுத்து வை, எர்த் கிளாம்ப் வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இதெல்லாம் செய்துவிட்டுத்தான் நான் ஒருமுறை டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டாஷ்போர்டுக்கு அடியில் எடுக்காமல் விட்ட ஒரு சாண் தார் ஃபெல்ட் புகைந்துகொண்டிருந்தது, வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்ததால் வண்டி பிழைத்தது. வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். டீயை அங்கேயே வரவழைத்துக்கொள்ளலாம்.

"காசிமேட்டில் விசைப்படகு வேலை பார்க்கும் வெல்டர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஆர்க்கிலேயே முடித்துத் தருகிறேன் என்கிறார். விடலாமா சார்?"
*பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்*

அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அவர் தினமும் தொடுவது ஐந்தாறு மில்லி கனத் தகடு, உங்கள் வண்டியில் இருப்பது ஒரு மில்லி அளவுதான். ஆர்க், அதாவது குச்சி வைத்து அடிக்கும் வெல்டிங், அதை வெண்ணெய் மாதிரி உருக்கிவிடும். பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் அற்புதமாகச் செய்வார்கள், அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள், மற்றபடி மிக்தான். நம் பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்பார்கள். வெறும் சிஓடூ சூடு அதிகம், பொறியும் அதிகம், மெல்லிய தகட்டுக்கு ஆர்கான் கலந்த கேஸ் சாதுவாக இருக்கும். வயர் 0.8 போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது.

"ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே, அதையே வைத்தால் என்ன?"
*தண்டையார்பேட்டை வாசகர்*

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய தகடு. வெல்டிங் வைக்கிற இடத்தில் அந்தத் துத்தநாகம் எரிந்து போய்விடும், அதாவது துருவுக்குப் பாதுகாப்பு வேண்டிய அதே இடத்தில் பாதுகாப்பு இருக்காது. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வேண்டாம். இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன்: தகட்டைத் துடைக்க பிரேக் கிளீனர் வாங்கினால் குளோரின் கலந்ததா என்று டப்பாவில் பாருங்கள். குளோரின் இருந்தால், ஈரம் காயாமல் வெல்டிங் வைக்கும்போது பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து.

"ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்தால் துரு கறுப்பாக மாறிக் கெட்டியாகிவிடுகிறதாமே. வெட்டுகிற வேலையே வேண்டாமே?"
*பெரம்பூர் வாசகர்*

கறுப்பாக மாறுவது உண்மை. அதில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், டானிக் வகை இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நம் தாத்தாக்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான், கடுக்காயில் இருப்பதும் டானின். ஆனால் மேலோட்டமான துருவுக்குத்தான் இது. தகடே இல்லாத இடத்தில் எதை மாற்றும்? ஓட்டைக்கு மருந்து கிடையாது, தகடுதான். வெல்டிங் வைக்கிற விளிம்பில் இதைப் பூசவும் கூடாது, அங்கே வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

"ஐயா, அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பதினைந்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நானே வெல்டிங் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். முடியுமா?"
*திருவொற்றியூர் வாசகி*

முடியும்மா. கற்றுக்கொள்ள ஹெரால்டைவிட நல்ல வண்டி கிடைக்காது. நம் சென்னையிலேயே செய்த வண்டி, தனி சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள், பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நெருப்புப் பொறியைக் கழுத்தில் வாங்க வேண்டாம். ஆனால் முதலில் சேஸிஸைப் பாருங்கள், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்திருந்தால் அந்த வேலையை மட்டும் அனுபவசாலியிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் வண்டியைத் தொடாதீர்கள். புதுப்பேட்டையில் எந்த வண்டியின் உடைந்த கதவாவது ஒன்று வாங்கி வாருங்கள், சதுரமாக வெட்டுங்கள், வெட்டியதையே திரும்ப வெல்டிங் வையுங்கள், மறுபடி வெட்டுங்கள். பின்பக்கம் திருப்பிப் பார்க்கும்போது டாக் அங்கேயும் சின்ன பொட்டாக எழும்பியிருந்தால் சூடு சரி. முன்பக்கம் குமிழ் மாதிரி உட்கார்ந்து பின்பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் அது ஒட்டவே இல்லை, சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் வயர் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது, மெல்லிய தகட்டில் அது புதியவர்களை அழவைக்கும், கேஸ் மெஷினே வாங்குங்கள். ஷேடு 10 கறுப்பு வெல்டிங் கண்ணாடி, தோல் கையுறை, பருத்தித் துணி. பாலியெஸ்டர் சுடிதார் கூடவே கூடாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு டாக்தானே என்று வெறும் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் ராத்திரி பூராவும் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி இருக்கும்.

சிரிக்கிறவர்களிடம் முதல் கதவுத் துண்டைக் காட்டாதீர்கள், பத்தாவதைக் காட்டுங்கள்.

"சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் தகடே ஓரத்தில் அரித்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் புதுத் தகட்டில் வைத்து வெல்டிங் அடித்துவிடலாமா?"
*வியாசர்பாடி வாசகர்*

கிரைண்டரைக் கீழே வையுங்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் பார்க்கிற அதிகாரிக்கு அது திருட்டு வண்டி, நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதுவரை அந்த ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகச் சுத்தம் செய்து, கன்வெர்ட்டர் பூசி, நம்பர் தெரிகிற மாதிரி மெல்லிசாக பிரைமர் அடித்து வையுங்கள்.