பனி கொட்டிய காலையில் முதலில் பக்கச் சுவரைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ், புகை வெளியேறும் வென்ட் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி (மார்க்கம்): இரவு முழுக்கப் பனி கொட்டினால் காலையில் ஃபர்னஸ் நின்று நின்று ஓடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிவிசி குழாய்கள் இருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே தள்ளும். எதை அடைத்தாலும் உள்ளே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். பாதி அடைபட்டால்தான் எனக்குப் பயம். வெளியேறும் புகையை மற்றக் குழாய் திரும்ப இழுக்கும், எரிதல் கெடும், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதனால் டிரைவ்வேயை வழிப்பதற்கு முன் அந்தப் பக்கம் போங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான நடைபாதையில் காற்று பனியைக் குவித்து வைத்திருக்கும். கையாலோ மென்மையான தும்புத்தடியாலோ சுற்றிலும் ஒரு மீட்டர் துப்புரவாக்குங்கள். இரும்புச் சவள் பட்டால் குழாயில் வெடிப்பு விழலாம். சுடுதண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அது ஐஸாகி இன்னும் மோசமாகும். வெளிவரும் புகையில் ஈரம் அதிகம் என்பதால் கடுங்குளிரில் குழாய் வாயிலேயே ஐஸ் கட்டும், அதையும் பாருங்கள். துப்புரவாக்கிய பின்னும் நின்றால் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யாமல் லைசன்ஸ் உள்ள காஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஏஜக்ஸ்): மீன் பொரிக்கும் மணம் வீட்டுக்குள் வராமல் இருக்க, கராஜில் புரொப்பேன் அடுப்பு வைத்திருக்கிறோம். குளிருக்குக் கதவைக் கொஞ்சம்தான் திறப்போம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். நம்மவர் வீடுகளில் இது நிறைய நடப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தால் மணம் குறையும், காபன் மொனொக்சைட் முழுவதும் போகாது. சுவர் இடுக்காலும் வீட்டுக் கதவாலும் அது உள்ளே வரும், மேலே பெரும்பாலும் படுக்கையறை. அடுப்பை வெளியே கொண்டுபோங்கள், சிலிண்டரும் வெளியேதான் இருக்க வேண்டும். கராஜில் காரை ஸ்டார்ட் செய்து சூடாக்குவதும் இதே ஆபத்துத்தான்.

கேள்வி (ஸ்காபரோ): பழைய வீடு, சிம்னிதான். சமைக்கும்போது ஹூட்டைக் கூட்டிவைத்தால் பேஸ்மென்ட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தலையிடி வருகிறது. தொடர்பு உண்டா?

உண்டாகலாம், தலையிடி காபன் மொனொக்சைட்டின் அறிகுறியாக இருக்கலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு முறை தலையிடி வந்தால், வெளியே போனதும் சுகமானாலும், எல்லாரும் வெளியேறி 911 அழையுங்கள். இப்போதைக்கு ஹூட் போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பலமான ஹூட்டும் குளியலறை ஃபேனும் சேர்ந்து காற்றை வெளியே இழுக்க, ஜன்னலெல்லாம் பூட்டியிருக்க, சிம்னி வழியே மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பும். டெக்னீஷியன் வந்து ஹூட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, சுடுதண்ணீர் டாங்க் எரியும்போது அதன் மேலிருக்கும் கூம்பு மூடியருகே ஊதுபத்தி பிடித்துப் பார்ப்பார். புகை உள்ளே போனால் சரி. வெளியே தள்ளினால், திருத்தும் வரை அந்த டாங்க்கைப் பாவிக்கக் கூடாது.

கேள்வி (பிரம்டன்): மேல் மாடியில் ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறது. போதாதா?

போதாது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், காஸ் போன்ற எரிபொருளில் ஓடும் சாதனமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் படுக்கையறைகளுக்கு அருகிலும் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், கழற்றிப் பாருங்கள். இன்னொன்று: 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள்தான் அது ஒலிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அலாரம் பேசாமல் இருக்கிறது என்பதற்காகத் தலையிடியை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி (மிசிசாகா): ட்ரையர் ஓடி முடிந்தும் உடுப்பு ஈரமாகவே இருக்கிறது.

வெளியே உள்ள மூடி ஐஸில் ஒட்டியிருக்கும், அல்லது பஞ்சு அடைத்திருக்கும். இரண்டையும் எடுங்கள். பஞ்சு தீப்பிடிக்கும். காஸ் ட்ரையர் என்றால் அடைப்பு நீங்கும் வரை ஓட்டவே வேண்டாம்.