அரண்மனையை விட்டு வெளியே வந்த ஆட்டம்

கேள்வி: துப்பாக்கி சுடுதலில் ஒரு பதக்கம் வந்தால் போதும், பத்திரிகைகள் கொண்டாடித் தீர்க்கின்றன. அது ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் ஆடுகிற ஆட்டம். எட்டாவது படிக்கும் என் மகள் அதைக் கற்றே தீருவேன் என்கிறாள். விவசாயக் குடும்பத்துக்கு இதெல்லாம் தேவைதானுங்களா? நம் பிள்ளைகளுக்குக் கபடி போதாதா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முப்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொண்டிருப்பேன். பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச், அதாவது சுடுதளம், இருந்தது. பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டி இன்றைக்கும் பணம் இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். தோட்டா விலை அப்படி.

ஆனால் உங்கள் மகள் கேட்பது காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளாகவோ (நீளத் துப்பாக்கி) ஏர் பிஸ்டலாகவோதான் (கைத்துப்பாக்கி) இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். அது அரண்மனையை விட்டு வந்து வெகு நாளாகிவிட்டது. 2018 ஆசிய விளையாட்டில் 16 வயதில் தங்கம் வென்ற சௌரப் சௌத்ரி, மீரட் பக்கத்து விவசாயி மகன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கருடன் சேர்ந்து வெண்கலம் வாங்கிய சரப்ஜோத் சிங், அம்பாலா பக்கத்து விவசாயி மகன். மனு பாக்கரும் ஹரியானாவில் ஒரு கிராமத்துப் பெண்தான்.

மூவருமே பிஸ்டல்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். ரைபிள் என்றால் விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், தனி ஷூ எல்லாம் வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு அளவு மாறிக்கொண்டே இருக்கும். பிஸ்டலுக்கு அந்தச் செலவு இல்லை. 4.5 மில்லிமீட்டர் ரவை (சின்ன ஈயக் குண்டு), 10 மீட்டர் தூரம், ஒரு கை, அவ்வளவுதான். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். பயிற்சியில் பெரும்பகுதி ரவையே இல்லாமல் வெறும் சுவரைப் பார்த்துக் கையை நிலைநிறுத்துவது. அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். லைசென்ஸ் கவலையும் வேண்டாம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள் உள்ள, ரவை பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை.

உத்தரப்பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்தைச் சொல்லாமல் முடியாது. உங்கள் கோபி, சத்தி மாதிரியே கரும்பு விளைகிற சீமை. பேத்தியை ரேஞ்சுக்குத் துணையாகக் கூட்டிப்போன சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, அறுபது வயதுக்கு மேல் தானும் பிஸ்டலை எடுத்தார். 2021-ல் இறக்கும்வரை ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குத் தெம்பாக இருந்தார். முக்காட்டோடு வந்து சுட்ட அவரைப் பார்த்த பிறகு அங்கே எத்தனையோ வீடுகள் பெண்களை ரேஞ்சுக்கு அனுப்பின. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஏர்கன் என்றாலே தோப்பில் புறாவும் மயிலும் அடிப்பது என்று சில பையன்கள் வைத்திருக்கிறார்கள். மயிலைச் சுட்டால் வனவிலங்குச் சட்டப்படி ஜெயில். வெள்ளோட்டில் பறவைகளுக்குச் சரணாலயமே வைத்திருக்கிற மாவட்டம் நம்முடையது. குறி அட்டையைத் தவிர வேறெதன் மீதும் துப்பாக்கி திரும்பக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, கபடி போதாதா? கபடி நல்ல ஆட்டம்தான். ஆனால் அது உங்கள் மகளின் ஆசை இல்லையே!

இடம்தான் உண்மையான தடை. கோவையில் ரைபிள் கிளப் இருக்கிறது. கோபியிலிருந்து ஒரு எட்டாவது மாணவி தினமும் போய்வர முடியாது. ஈரோடு, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊர் ஊராகப் பஸ் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளுகிறார்கள், மாடி மேல் மாடி கட்டுகிறார்கள். நீளவாக்கில் ஒரு ஹால், தடுப்புக்குக் கெட்டியான பின்சுவர், ரவையைப் பிடிக்கும் இரும்புப் பெட்டிகள், நான்கு பிஸ்டல், தகுதியுள்ள ஒரு பயிற்சியாளர் இருந்தால் ரேஞ்ச் தயார். முறை வைத்துச் சுட்டால் அந்த நான்கே ஒரு வகுப்புக்குப் போதும். கயிறும் கப்பியுமாகக் குறி அட்டையை இழுக்கிற சட்டகத்தைக் கோவையில் எந்த லேத் பட்டறையும் செய்து தரும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு தாளாளரிடம் போய் இதைக் கேளுங்கள். அதுவரை விடுமுறை நாட்களில் மகளைக் கிளப்புக்குக் கூட்டிப்போங்கள். அங்கே உள்ள துப்பாக்கியில் பழகட்டும், சொந்தமாக வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.