ராக்கெட் பாகம் கடைய அரசு அனுமதி வேண்டுமா?

கேள்வி: எருக்கஞ்சேரியில் 14 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சி.என்.சி., ஒரு வி.எம்.சி. என்று கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின் மூன்று, ஐந்து ஆட்கள். இதுவரை பம்புக்கும் வண்டிக்கும்தான் பாகம் செய்தோம். இப்போது ஒரு தனியார் ராக்கெட் கம்பெனி அலுமினிய பிராக்கெட்டும் ஃபிளேஞ்சும் கேட்டு டிராயிங் அனுப்பியிருக்கிறது. "விண்வெளி வேலைக்கு மத்திய அரசு அனுமதி கட்டாயம், ஒன்றரை லட்சம் கொடுங்கள், வாங்கித் தருகிறேன்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் அனுமதி உங்கள் வேலைக்குத் தேவையே இல்லை.

தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தருவது இன்-ஸ்பேஸ். 2020 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதலோடு, விண்வெளித் துறையின் கீழ் வந்த அமைப்பு; தலைமையகம் அகமதாபாத்தில் இருக்கிறது. யார் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதை 2024 மே மாதம் அது வெளியிட்ட விதிமுறைகள் சொல்கின்றன. ராக்கெட் ஏவுவது, ஏவுதளம் அமைப்பது, செயற்கைக்கோள் இயக்குவது, அதைக் கட்டுப்படுத்தும் தரை நிலையம் வைப்பது, விண்ணில் போனதைத் திரும்பக் கொண்டுவருவது, இந்த மாதிரி வேலைகளைச் செய்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய விக்ரம்-எஸ் ராக்கெட், 2024 மே மாதம் கிளம்பிய சென்னை அக்னிகுல் கம்பெனியின் அக்னிபான், இரண்டும் அப்படி அனுமதி வாங்கித்தான் பறந்தன. டிராயிங்படி உலோகம் கடைந்து உள்நாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கும் பட்டறை அந்த வரிசையில் வராது. உங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனியும் தரகர் வழியாகப் போக வேண்டியதில்லை. விண்ணப்பம் நேராக இணையதளத்திலேயே.

அனுமதி ஏவுபவரோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் தனியார் கம்பெனி விண்வெளியில் எதைச் செய்தாலும் உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த நாட்டின் அரசு. 1978ல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்று கனடாவின் வடக்கே விழுந்தது. உள்ளே அணு உலை வேறு இருந்ததால், தேடிப் பொறுக்கவே கனடாவுக்குப் பெரிய செலவு. 1981ல் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்து சோவியத் அரசு கணக்கு தீர்த்தது. அதனால்தான் எந்த அரசும் ஏவுபவரை விடாமல் பார்க்கிறது.

சரி, அனுமதி கவலை இல்லை. ஆனால் கம்பெனி அனுப்பும் பி.ஓ.வின், அதாவது கொள்முதல் ஆர்டரின், பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை உட்கார்ந்து படியுங்கள். நான் உண்மையில் பயப்படுவது அங்கேதான். "சப்ளை செய்த பொருளால் நேரடியாகவோ மறைமுகமாகவோ வரும் எல்லா நஷ்டத்தையும் சப்ளையர் ஈடுகட்ட வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி பல பி.ஓ.க்களில் இருக்கிறது. பம்பு வேலையில் அந்த வரியால் பெரிய ஆபத்து இல்லை. பாகம் போனால் வேறு செய்து கொடுப்பீர்கள். ராக்கெட்டில் நிலைமை வேறு. 6,000 ரூபாய் பிராக்கெட் ஒன்று விரிசல் விட்டது என்று விசாரணை அறிக்கை சொன்னால், மேலே இருந்த செயற்கைக்கோளின் விலையும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிடும். வீட்டை அடமானம் வைத்து வி.எம்.சி. வாங்கியவர் எப்படித் தாங்குவார்?

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஏவும் கம்பெனி, அதன் வாடிக்கையாளர், இருவருக்கும் கீழே வேலை செய்யும் துணை ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் அவரவர் நஷ்டத்தை அவரவரே ஏற்க வேண்டும், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடக் கூடாது என்று கையெழுத்து வாங்கினால்தான் ஏவ உரிமம். தொழிலில் இருப்பவர்களே உட்கார்ந்து அரசுக்கு யோசனை சொல்லும் ஆலோசனைக் குழுவும் அங்கே 1984லிருந்து இருக்கிறது. நம்மிடம் 2023 விண்வெளிக் கொள்கை இருக்கிறது, இன்-ஸ்பேஸ் விதிமுறைகள் இருக்கின்றன. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விண்வெளிச் சட்டம் இல்லை. 2017 நவம்பரில் ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு விட்டார்கள், அது சட்டமாகவில்லை. அடுத்த வரைவு வரும்போது பெரிய கம்பெனிகள் தங்கள் கருத்தைச் சொல்லத் தவறாது. அம்பத்தூர், எருக்கஞ்சேரி பட்டறைக்காரர்களும் சங்கம் மூலமாக எழுதியே ஆக வேண்டும். கீழ்மட்ட சப்ளையருக்குப் பாதுகாப்பு கேட்க வேறு யாரும் வர மாட்டார்கள்.

அதுவரை உங்கள் பாதுகாப்பு உங்கள் பி.ஓ.தான். "எங்கள் பொறுப்பு அந்த ஆர்டரின் மதிப்புக்கு மேல் போகாது, குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதோடு முடியும்" என்று சேர்க்கச் சொல்லி மெயில் அனுப்புங்கள். முகம் கோணுவார்களோ என்று தயங்க வேண்டாம், நியாயமான கம்பெனி இதைப் பேச மறுக்காது. மறுத்தால் அந்த ஆர்டரை விடுவதே நல்லது என்பேன்.

அடுத்தது ஏற்றுமதி. உள்நாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கும்வரை பிரச்சினை இல்லை. நாளைக்கே வெளிநாட்டிலிருந்து ஒருவர் இதே மாதிரி பாகம் கேட்டால் நிறுத்தி யோசியுங்கள். ராக்கெட்டுக்கு ஆகும் பொருள் ஏவுகணைக்கும் ஆகும் என்பதால் ஸ்கோமெட் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. விண்வெளிப் பொருள்கள் அதன் ஐந்தாம் பிரிவில் வருகின்றன. பட்டியலில் உள்ளதை அனுப்ப வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். காசு வாங்காமல் கூரியரில் அனுப்பும் ஒரு சாம்பிளும் ஏற்றுமதிதான். பட்டியலில் உள்ள பொருளின் டிராயிங்கை வெளிநாட்டு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதும் ஏற்றுமதிதான். பார்க்கச் சாதாரண பிராக்கெட்டாக இருந்தாலும், எதற்காக வடிவமைத்தது என்பதை வைத்தும் அது பட்டியலுக்குள் வரலாம். அதனால் இந்த டிராயிங்குகளை ஆப்பரேட்டர்களின் சொந்த போனில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அச்சுப் பிரதியைத் திரும்ப வாங்கிப் பூட்டுங்கள்.

இனி உங்கள் ஷெட்டுக்குள் வருவோம். பாரிமுனையில் பார், அதாவது கடைவதற்கான நீள உலோகத் தண்டு, வாங்கும்போது அதன் ஒரு முனையில் பெயின்ட் அடித்து, ஹீட் நம்பர் குத்தியிருப்பார்கள். எந்தத் தடவை உருக்கி வார்த்ததிலிருந்து வந்த உலோகம் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. நம் பட்டறைகளில் என்ன நடக்கும்? அந்த முனை கோணலாக இருக்கிறதென்று முதலில் அதைத்தான் அறுத்துக் கழிவில் போடுவார்கள். மீதிப் பத்தடி அநாதை. டெஸ்ட் சர்டிபிகேட் பைலில் இருந்தாலும், அது இந்தப் பாருக்குத்தான் என்று நிரூபிக்க முடியாது. பாகத்தின் அளவெல்லாம் மைக்ரோமீட்டரில் கச்சிதமாக இருந்தும், ஹீட் நம்பர் தொடர்ச்சி இல்லாததால் ஒரு பெட்டி நிறைய பாகங்கள் திரும்பி வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டறைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட மனமில்லாமல் ஓரமாக வைத்திருந்தார்.

காசு விஷயம்: சிறு தொழில்களுக்கான உத்யம் அரசுப் பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கம்பெனி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்கச் சட்டத்தில் இடமில்லை. இழுத்தால் வட்டியும் கேட்கலாம்.

முதல் பார் வந்து இறங்கும் அன்று அறுக்கும் ஆளை நீங்களே கூப்பிட்டு, பெயின்ட் இல்லாத முனையிலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் ஒவ்வொரு துண்டிலும் ஹீட் நம்பரை மார்க்கரில் எழுதிய பிறகே மெஷினுக்குப் போகட்டும்.