கோத்தகிரி தம்பிக்கு: கனடாவில் டிங்கரிங் வேலை

கோத்தகிரியில் மூன்று வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறேன், கனடாவுக்கு வந்து இதையே படிக்கலாமா, எந்தக் கல்லூரி, சம்பளம் எவ்வளவு, குளிர் தாங்குமா, கைத்தொழில் தெரிந்திருப்பது உதவுமா என்று கேட்டிருக்கிறாய் தம்பி. கல்லூரிப் பெயர்களை ஏஜெண்ட் வாய் ஓயாமல் சொல்வார். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

உதவும். ஆனால் கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும்.

நான் 2009இல் டொரன்டோ வந்தேன். அதற்கு முன் குன்னூரில் ஆறு வருடம் பட்டறை. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான் எங்களுக்குப் படியளந்தன. பர்லியார் பக்கம் சுவரில் உரசிய வேன், கேரட் மூட்டையோடு சாய்ந்த லாரி என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, எமரி தேய்த்து, பெயிண்ட் அடித்தால் அடிபட்ட இடம் ஓனருக்கே தெரியாது. அந்தத் திமிரோடு வந்து, இரண்டாம் நாளே ஒரு காரின் பில்லரை, அதாவது கூரையைத் தாங்கும் தூணை, காய்ச்சப் போனேன். ஃபோர்மேன் ஓடி வந்து சிலிண்டரை மூடினார். இப்போதைய கார்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் போரான் கலந்த எஃகு இருக்கும். சூடு காட்டினால் வலு போய்விடும். பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும், அடுத்த மோதலில் ஆளைக் காப்பாற்றாது. மாற்றத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது, எத்தனை ஸ்பாட் வெல்டிங் என்பதையெல்லாம் கார் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும். பம்பரைக் கழற்றி மாட்டினால்கூடப் பல கார்களில் அதன் பின்னால் இருக்கும் ரேடாரை மறுபடி செட் செய்ய வேண்டும். சுத்தியல் பிடிக்கிற நேரத்துக்கு மேல் படிக்கிற நேரம். எனக்கு இங்கிலீஷ் தகராறு, பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

அதைவிட முக்கியம் பெயிண்ட். எதைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிறாய்? கைக்குட்டைதானே? நானும் அப்படித்தான் இருந்தேன். பளபளப்புக்குக் கடைசியாக அடிக்கும் கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே நெஞ்சுக்குள் போய்விடும். தோல் வழியாகவும் போகும். சிலருக்கு ஆஸ்துமா வரும். அப்படி ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். தொழிலே போச்சு. என்னோடு நின்ற ஒருவர் 38 வயதில் டாக்ஸி ஓட்டப் போனது அதனால்தான். இங்கே குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாமல் பெயிண்ட் அடிக்கும் பூத்துக்குள் கால் வைக்க மாட்டேன். “பயந்தாங்கொள்ளி” என்று சிரிக்கும் சீனியர்கள் இங்கேயும் உண்டு. சிரிக்கட்டும். நீ கனடா வருகிறாயோ இல்லையோ, அந்தக் கைக்குட்டையைத் தூக்கிப் போடு.

ஏஜெண்ட் சொல்லாத ஒன்று: டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அப்ரண்டிஸ், அதாவது வேலை பழகுபவன், ஆக வேண்டுமானால் உன்னை எடுத்துக்கொள்ள ஒரு முதலாளி வேண்டும். கல்லூரிக்குக் கட்டும் பணத்தோடு அவர் வர மாட்டார். மாணவனாக வந்தால், பாடம் நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை. வீட்டை அடமானம் வைக்காதே. என்னை அனுப்பியவரின் பேச்சு விமானம் ஏறும்வரைதான் செல்லுபடியானது.

நம்மவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கல் விழாவில் கைகொடுத்துவிட்டு என் நகத்தைப் பார்க்கும் ஐடிக்காரர்கள், ஜனவரிப் பனியில் கார் சறுக்கிவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் “அண்ணா” என்று போன் செய்வார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் சோறு போட்டவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். நான் ரிப்பேர் என்பேன், அவர் “திருத்துறது” என்பார்.

என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, உங்கள் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தவர். குடையோ கடிகாரமோ, “திருத்திக் கொண்டா” என்பார். பேரப்பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். அந்தச் சொல்லை டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பட்டறைக்குள் கேட்ட அன்று, கையிலிருந்த எமரி பேப்பரை பானட் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.