டாட் போர்டில் ஈயம் ஏன் உருண்டு நிற்கிறது?

கேள்வி: டாட் போர்டில் (துளைகளைச் சுற்றிச் செம்பு வட்டங்கள் உள்ள பலகை) முதன்முறையாக ஒரு சிறிய சர்க்யூட் செய்கிறேன். சால்டரிங் அயர்னின் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து இணைப்பில் வைத்தால், அது உருண்டையாக நிற்கிறதே தவிர ஒட்டுவதில்லை. நெடுநேரம் சூடாக்கியதில் செம்பு வட்டமே பெயர்ந்துவிட்டது. என் தவறு என்ன?

பதில்: ஈயத்தை முனையில் உருக்கி எடுத்துச் செல்வதுதான் தவறு. ஈயக்கம்பியின் உள்ளே இருக்கும் ஃப்ளக்ஸ், செம்பின் மீது படிந்துள்ள ஆக்சைடை நீக்கினால்தான் உருகிய ஈயம் அதன்மேல் பரவும். நீங்கள் கொண்டுசெல்வதற்குள் அந்த ஃப்ளக்ஸ் புகைந்து தீர்ந்துவிடுகிறது. செம்பு வட்டத்தையும் உதிரிபாகத்தின் காலையும் ஒருசேரத் தொடும்படி அயர்னை வைத்து, ஒரு விநாடி சூடேறவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக்கம்பியை அந்த இணைப்பிலேயே கொடுங்கள். ஈயம் காலைச் சுற்றிச் சரிவாகப் படர்ந்ததும் முதலில் கம்பியையும் அடுத்து அயர்னையும் எடுத்துவிட்டு, ஆறும்வரை அசைக்காதிருங்கள். மொத்த வேலையும் மூன்று, நான்கு விநாடிகளில் முடிந்துவிட வேண்டும்.

வட்டம் பெயர்ந்ததற்குக் காரணம், நீங்கள் அயர்னை வைத்திருந்த நேரம். சாதாரண டாட் போர்டில் செம்பு ஒரு பக்கத்தில் மட்டும், வெறும் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நீடித்த சூட்டில் அந்தப் பசை வலுவிழக்கிறது. 60/40 ஈயம் (60 சதவீதம் வெள்ளீயம், 40 சதவீதம் காரீயம்) 183 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்றாலும், வைத்த கணமே உலோகம் சூட்டை இழுத்துக்கொள்வதால் முனை 320 முதல் 350 டிகிரி வரை இருப்பது நல்லது. சூட்டைக் குறைத்தால் போர்டுக்குப் பாதுகாப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். அதனால் அயர்னை அதிக நேரம் வைக்க நேர்ந்து, வட்டம் பெயரத்தான் செய்கிறது. முனை கறுத்திருந்தாலும் சூடு இணைப்புக்குச் சரியாகப் போகாது. ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, உடனே சிறிது புதிய ஈயம் பூசி வையுங்கள். பெயர்ந்த இடத்தில் காலை மடக்கி, அது சேர வேண்டிய அடுத்த புள்ளியில் பற்றவைத்துக்கொள்ளலாம்.

குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது நாளடைவில் செம்பை அரித்துவிடும்.

கேள்வி: புள்ளிகளை ஈயத்தாலேயே இழுத்து இணைக்கலாமா?

பதில்: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்குச் சரி. அவற்றின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் என்றால், ரெசிஸ்டரில் வெட்டி எஞ்சிய கால்களைப் படுக்கவைத்துப் பற்றவையுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன், சேரக்கூடாத பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம்.